மட்டக்களப்பு வாவிக்கரையில் பழைய வீடு எடுத்து ஒரு கிழமை தங்குவதற்கு

வாவிக்கரைப் பழைய வீடுகளின் படங்கள் எல்லாமே வடிவாகத்தான் இருக்கும். தூண் வைத்த விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை, முன்னால் தண்ணீர், ஓரத்தில் ஒரு தோணி. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, கூரையில் என்ன போட்டிருக்கிறது, கிணற்றில் எப்படிப்பட்ட தண்ணீர் என்பது மட்டும் படத்தில் தெரியாது. பிள்ளைகளும் வயதானவர்களுமாக எட்டுப் பேர் ஒரு கிழமை தங்கப் போகும் வீட்டில் நிம்மதி இந்த மூன்றையும் பொறுத்தது. கட்டில், ரீவி, வைஃபை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கரை

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரியும் பக்கம் படுவான்கரை. பொழுது எழும் பக்கம் எழுவான், படும் பக்கம் படுவான்; இந்த இரண்டு பெயரிலேயே வீடு எடுப்பவருக்கு வேண்டிய முதல் தகவல் இருக்கிறது. எழுவான்கரையில் வாவியைப் பார்த்த வீடென்றால் அதன் முகம் மேற்கே. பின்னேர வெயில் நேராக விறாந்தைக்குள் விழும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அங்கே குந்த முடியாது. ஆனால் பொழுது தண்ணீருக்குள் இறங்குவதை வீட்டுப் படியிலிருந்தே பார்க்கலாம். படுவான்கரையில் முகம் கிழக்கே. காலை ஆறு மணிக்கே வெளிச்சம் கண்ணில் குத்தும், பின்னேரம் விறாந்தை முழுவதும் நிழல். கைக்குழந்தையோடும் நோயாளியான பெரியவரோடும் போகிறவர்களுக்குக் கிழக்கு முகமே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

பழைய வீடுகள் கூடுதலாக இருப்பது புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை புளியந்தீவில் நிற்கிறது. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் அங்கேதான். தீவு என்பதால் ஒரு வீடு எந்தத் திசையையும் பார்த்திருக்கலாம். கட்டாயம் கேட்க வேண்டும். சந்தை, ஆஸ்பத்திரி, மருந்துக்கடை எல்லாம் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. குறை, வீதிச் சத்தமும் வாகனம் நிறுத்த இடமின்மையும். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதிப் பக்கம் போனால் ஒரே நாளில் கடலும் வாவியும் கிடைக்கும். படுவான்கரையில் அமைதி அதிகம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து எழுவான்கரைக்கு வந்து போவதும் சுகம். ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்த்து வையுங்கள்.

எந்த மாதம்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மாரி மழையும். வாவி நிரம்பினால் முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். தாழ்வான வாவிக்கரை வீடுகளில் தண்ணீர் வளவுக்குள் வருவது இந்தக் காலத்தில்தான். குடும்ப விடுமுறைக்கு அந்த மாதங்கள் சரிவராது. சித்திரையில் வெயில் கடுமை. புத்தாண்டையொட்டிய மூன்று நான்கு நாட்களுக்குக் கடை திறக்காது, சமையலுக்கு வருகிற அக்காவும் தன் வீட்டில்தான் இருப்பா. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று. மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்றில் பகல் 11 மணிக்குப் பிறகு தூசியும் வெக்கையும். ஆவணி, புரட்டாதியில் காற்று தணிந்து பின்னேரம் கடற்காற்று உள்ளே வரும். பள்ளிக்கூட லீவு பொருந்தினால் அதுவே நல்ல காலம்.

கோயில் நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்கள் திறந்து குளிர்த்திச் சடங்கு நடக்கும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் சனம் நிறைந்து வழியும். திருவிழா பார்க்க வருகிறவர்களுக்கு அந்த நாட்களில் வீடு கிடைப்பதே பெரும் பாடு. இரண்டு மாதத்துக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும். அமைதி தேடி வருகிறவர்கள் அந்தக் கிழமையைத் தவிர்க்கலாம். வீடு அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் என்றால், சடங்கு நாட்களில் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமா என்று முதலே கேளுங்கள். வந்திறங்கி இறாலை வாங்கிய பிறகு கேட்டால் இரு பக்கத்துக்கும் சங்கடம்.

வாவித் தண்ணீருக்குள்ளிருந்து இரவில் வரும் ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கும் ஆசை இருந்தால் பறுவத்தை (பௌர்ணமியை) நடுவில் வைத்து நாளைக் குறியுங்கள். கல்லடிப் பழைய பாலத்துப் பக்கம், காற்று அடங்கிய நிலவு இரவில், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுநுனியில் காதை வைத்துக் கேட்பது ஊர் வழக்கம். மாரியில் கேட்காது, வெயில் காலத்துக்குரிய சங்கதி அது. பறுவ தினம் போயா லீவு ஆகையால் அந்தச் சனி ஞாயிறோடு சேர்ந்து வந்தால் வாடகை ஏறும்.

வீடு யாருடைய பெயரில்

மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆகவே தம்பி போன் எடுத்து விலை பேசினாலும் உறுதி அக்காவின் பெயரில் இருக்கக்கூடும்; அந்த அக்கா கனடாவிலோ லண்டனிலோ இருக்கக்கூடும். பழைய வீடுகளில் உடன்பிறப்புகள் நாலைந்து பேருக்குப் பங்கும் இருக்கும். ஒருவர் வாடகைக்குக் கொடுத்ததை மற்றவர் அறியாமல், அதே நாட்களில் தன் குடும்பத்தோடு வந்து இறங்குவதுதான் அடிக்கடி நடக்கிற பிசகு. இதைத் தவிர்க்க வழி எளிது. உரிமையாளரின் பெயரைக் கேளுங்கள். பேசுகிறவர் வேறொருவர் என்றால், அற்றோனித் தத்துவம் (உரிமையாளருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரம்) இருக்கிறதா, இல்லாவிட்டால் உரிமையாளரே வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவோ வரியோ அனுப்புவாரா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நேர்மையாகக் கொடுப்பவர் உடனே செய்வார்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு செய்யும் தங்குமிட வகைகளில் பாரம்பரிய வீடு, பாரம்பரிய பங்களா என்று தனி வகைகள் உண்டு. பதிவு இருந்தால் இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாத வீடு எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. ஊரில் பல நல்ல வீடுகள் பதிவில்லாமல்தான் கொடுபடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கிராம சேவகரையோ அயல்வீட்டையோ விசாரிப்பது போதும்.

போனில் கேட்பது

வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நேரம், பகல் 2 மணி. காலையில் எந்த வீடும் குளிர்ச்சியாகத் தெரியும். அழைப்பில் கேட்க வேண்டியவற்றை ஒரே செய்தியாக முதலே அனுப்பி வைத்தால், உரிமையாளருக்காக வீட்டைப் பராமரித்துப் பார்க்கிற ஐயா ஆயத்தமாக இருப்பார். இப்படி எழுதலாம்:

“வணக்கம் ஐயா. ஆகஸ்ட் 9 தொடக்கம் 15 வரை, பெரியவங்க 5 பேர், பிள்ளைகள் 3 பேர். விறாந்தை எந்தத் திசை பார்த்திருக்கு? கூரை ஓடா, சீற்றா? சீலிங் அடிச்சிருக்கா? கிணத்துத் தண்ணி உவரா? குழாய்த் தண்ணி நாள் முழுக்க வருமா? கொமட் கக்கூஸ் எத்தனை? படியில்லாமப் போகக்கூடிய அறை ஒண்டு இருக்கா? கேற் எவ்வளவு அகலம், மேல வளைவு இருக்கா? எந்த அறையெல்லாம் பூட்டி வைப்பீங்க?”

கேற் கேள்வி வீணானது அல்ல. குடும்பங்கள் எடுத்து வரும் கே.டி.எச். வான் அகலம் ஏறத்தாழ 1.7 மீற்றர். உயரக் கூரை வான் என்றால் உயரம் 2.3 மீற்றருக்குக் கிட்ட. மாட்டு வண்டில் காலத்து வளைவுக் கேற்றுக்குள் அகலம் போதும், மேலே தட்டும். வீதியில் நிறுத்த வேண்டி வந்தால் இரவில் எங்கே விடுவது என்பதையும் பேசி முடியுங்கள்.

பூட்டி வைக்கும் அறை பற்றிய கேள்வியும் அப்படித்தான். பழைய வீடுகளில் சாமி அறையையும், வெளிநாட்டில் உள்ளவர்களின் சாமான் வைத்த ஓர் அறையையும் பூட்டி வைப்பார்கள். ஐந்து அறை என்று சொன்னது மூன்று அறையாக முடிவது இங்கேதான். சிலவேளை பூட்டிய அறைக்குள்தான் மெயின் சுவிச் இருக்கும். அது வெளியில் இல்லாவிட்டால் அந்த அறைத் திறப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கூரையும் சுவரும்

முடிந்தால் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. அப்படிப் போகிறவர் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓட்டுக் கூரையில் ஓடுகளின் இடைவெளியால் வெக்கை வெளியே போகும். இரவு எட்டு மணிக்குள் வீடு ஆறிவிடும். பழைய ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டில், சீலிங்கும் இல்லையென்றால், நள்ளிரவு வரை அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு நூறு வயது என்றாலும் உள்ளே அதன் பயன் இல்லை. தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் ஓட்டு வீட்டையே எடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் ஏசி மிச்சம்.

அடுத்து கைமரங்களையும் சிலாகைகளையும் பார்க்க வேண்டும். பனையிலோ பாலையிலோ முதிரையிலோ போட்ட மரங்கள் நூறு வருடமும் நிற்கும், நனையாமல் இருந்தால். கறுத்த நீர்த்தடம் இருக்கிற இடத்தில் ஓடு விலகியிருக்கிறது; பூனையோ குரங்கோ ஓடியிருக்கும். அதற்கு நேர்கீழே கட்டில் போடக் கூடாது. தரையில் மாவுபோல மஞ்சள் தூள் குவிந்திருந்தால் மேலே உளு தின்கிறது. சுவரோரம் மண் கோடு ஏறியிருந்தால் கறையான். இரண்டும் ஒரு கிழமைத் தங்கலுக்கு ஆபத்து என்று சொல்வதற்கில்லை, ஆனால் மரம் தொய்ந்து ஓட்டு வரிசை வளைந்திருந்தால் அந்த அறையைப் பயன்படுத்தாதீர்கள். காரமான மூத்திர நெடி வந்தால் சீலிங்கில் வௌவால். மூச்சிழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்த வீடு வேண்டாம்.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். நிலத்து ஈரம் சுவரில் ஏறி, உப்பைக் கொண்டு வந்து வெளியே விடுகிறது. சுண்ணாம்புப் பூச்சென்றால் ஈரம் மெதுவாக வெளியேறிவிடும். அதன் மேல் சீமெந்தோ எனாமல் பெயின்றோ பூசிய இடத்தில்தான் அடைபட்டுக் கொப்பளித்து உதிரும். அந்தச் சுவரோடு மெத்தையையும் உடுப்புப் பையையும் சேர்த்து வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. பிறந்தநாள் சோடனை என்று ஆணி அடிப்பது, ரேப் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். ரேப்பை இழுத்தால் சுண்ணாம்புப் பூச்சு கையளவில் கழன்று வரும். தொல்பொருள் திணைக்களம் வர்த்தமானியில் அறிவித்த கட்டடம் என்றால் அது சட்டப் பிரச்சினையும் ஆகும்.

கரண்ட்

இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். பழைய வீடுகளில் வயரிங் இரண்டு மூன்று தலைமுறையின் சேர்க்கை. ஒரு அறையில் 5 அம்பியர் உருண்டைக் காற் பிளக், இன்னொன்றில் 15 அம்பியர், புதிதாகக் கட்டிய குளியலறையில் 13 அம்பியர் சதுரக் கால். மூன்றுக்கும் பொருந்தும் அடப்டர்கள் இரண்டு கொண்டு போங்கள். ஆனால் அடப்டர் இருக்கிறது என்பதற்காக எதையும் எதிலும் குத்தக் கூடாது. 2000 வாற்று மின்கேத்தல் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக்கில் மாட்டினால் முதல் நாள் பிளக் சூடாகும், மூன்றாம் நாள் பிளாஸ்ரிக் உருகும் மணம் வரும். 1000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டி 4.3 அம்பியர், அதுவே எல்லை. கேத்தலும் ரைஸ் குக்கரும் குசினியில் உள்ள 15 அம்பியரில் மட்டும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக.

வீட்டுக்குள் கால் வைத்ததும் மெயின் போட்டைத் தேடி, ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது அப்படி ஒன்றே இல்லாவிட்டால், ஷொக் அடித்தால் காப்பாற்ற எதுவும் இல்லை என்று பொருள். முற்பணம் கொடுக்கும் முன்னரே இதை வீடியோவில் செய்து காட்டச் சொல்லலாம். வீடுகளுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் வேண்டும். அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். ஈரக் கையோடு மோட்டர் சுவிச்சைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கிணற்றடி சுவிச் பெரும்பாலும் மழையிலும் வெயிலிலும் கிடந்த ஒன்று.

ஏசி உள்ள அறை ஒன்று என்றால் கரண்ட் காசு தனியா என்று கேளுங்கள். மின்கட்டணக் கணக்கில் வீட்டுப் பாவனைக்கு யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறும். அதனால் கடைசி நாள் “பில் வந்ததும் சொல்றன்” என்று விட்டால் தகராறு. வந்த நேரமும் போகிற நேரமும் மீற்றரைப் படம் எடுத்து, யூனிற்றுக்கு இவ்வளவு என்று முதலே முடிவு செய்து கொள்வதுதான் இரு பக்கத்துக்கும் நியாயம்.

தண்ணீர்

வாவிக்கரைக் கிணறுகளில் பல உவர். கோடை ஏற ஏற உவர்ப்பும் ஏறும். வீடு பார்க்கப் போகிறவர் கையில் ஒரு துண்டுச் சவர்க்காரம் கொண்டு போய்க் கிணற்றுத் தண்ணீரில் தேய்த்துப் பார்க்கலாம். நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்தால் தலைமுழுக உதவாது. அப்படியானால் குளிப்புக்கும் குழாய்த் தண்ணீர்தான். நகர்ப்பக்கக் குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது. கொதிக்க வைத்துக் குடிக்கலாம். இருந்தாலும் தாங்கியில் கிடந்த தண்ணீரைக் குடிக்காமல், வீதிக் குழாயிலிருந்து நேரே வரும் பைப்பில் பிடியுங்கள்.

அளவு இப்படி: ஒருவருக்குக் குளிப்பு, கக்கூஸ், கழுவல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 100 முதல் 120 லீற்றர். எட்டுப் பேருக்கு 800 முதல் 960. மேலே 1000 லீற்றர் தாங்கி இருந்தால் ஒருமுறை நிரப்பினால் போதும். 500 லீற்றர் என்றால் இரண்டு முறை மோட்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் தலையில் சவர்க்காரத்தோடு நிற்க நேரும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றி உறிஞ்சுக் குழாயின் அடி வெளியே தெரிந்தால் மோட்டர் காற்று வாங்கும். சத்தம் மாறி, தண்ணீர் வராமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஓடவிட்டால் எரியும், எரிந்த மோட்டருக்குக் காசு உங்களிடம்தான் கேட்பார்கள். ஒரு மணித்தியாலம் ஊற விட்டு, மோட்டரின் மேல்மூடியால் தண்ணீர் ஊற்றி நிரப்பிப் பிறகு போட வேண்டும். இதை வீடு பார்க்கிற ஐயாவிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 5 லீற்றர் வைத்தால் எட்டுப் பேருக்கு ஆறு நாளைக்கு 240 லீற்றர். குழாய்த் தண்ணீர் இல்லாத வீடு என்றால் 19 லீற்றர்ப் போத்தல் 13 வேண்டும். அவ்வளவையும் முதல் நாளே வாங்காமல் ஐந்து வாங்கி, மிச்சத்தைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் வீட்டுக்கே கொண்டு வந்து தருவார்.

வாவியும் பிள்ளைகளும்

வாவி ஆழமில்லாதது என்று தைரியம் கொள்ள வேண்டாம். அடி சேறு. முழங்கால் புதைந்தால் சின்னப் பிள்ளையால் இழுத்து எடுக்க முடியாது. பழைய வீடுகளில் வாவிக்கு இறங்கும் படித்துறை கருங்கல்லிலோ செங்கல்லிலோ இருக்கும். தண்ணீர் மட்டத்துப் படியில் பாசி வழுக்கும், அதற்குக் கீழ்ப்படி சிலவேளை இல்லாமலே போயிருக்கும். ஒரு தடியை ஊன்றிப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது.

வாவியில் முதலை உண்டு. ஊர்க்காரர் எந்தத் துறையில் குளிக்கிறார்கள், எதில் குளிப்பதில்லை என்று கேட்டு, அவர்கள் தவிர்க்கும் இடத்தை நீங்களும் தவிருங்கள். பொழுது பட்ட பிறகு துறைக்குப் போக வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் இறால் கோதையும் துறையில் கொட்டவே கூடாது. தினமும் அதே இடத்தில் இரை கிடைத்தால் முதலை அந்த இடத்தைப் பழகிவிடும். நீங்கள் போன பிறகும் அது அங்கே வரும், அப்போது அந்தத் துறையில் நிற்பது அயல்வீட்டுப் பிள்ளை. வளவின் மூலையில் குழி வெட்டிப் புதையுங்கள்.

கரையில் நிற்கும் கண்டல் மரங்களுக்குள் தில்லையும் இருக்கும். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடிவது தில்லை. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே மறைக்கும். பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரால் 15 நிமிடம் விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எந்த மரம் எது என்று தெரியாது. ஆகவே கரையில் எந்தக் கிளையையும் ஒடிக்க வேண்டாம், அதில் அடுப்பும் மூட்ட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதே நல்லது.

தோணியில் போகிறதென்றால் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் திரும்புங்கள். பிறகு காற்று எழும்பும். பிள்ளைகளின் அளவுக்குரிய உயிர்காப்பு அங்கி தோணிக்காரரிடம் பெரும்பாலும் இருக்காது, கொண்டு வர வேண்டும். வலை கட்டிய தடிகளைப் பிடித்து ஆட்டக் கூடாது. அது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு.

வீட்டுக்குள் இரண்டு இடம் அளந்து பார்க்க வேண்டும். கிணற்றுக் கட்டு 75 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் வலையோ பலகையோ போட்டு மூடித் தரச் சொல்லுங்கள். மேல்மாடி விறாந்தைக் கம்பிகளின் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்குக் கூடினால் தவழும் பிள்ளை நுழையும். அந்தப் பக்கக் கதவைப் பூட்டி வையுங்கள்.

கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் தங்குகிறவர்கள் எந்தப் பாதையால் பாலத்துக்கு ஓடுவது என்பதை வந்த அன்றே நடந்து பாருங்கள். 2004 மார்கழி 26இல் சுனாமியால் அந்தக் கரை பட்டது எல்லோருக்கும் தெரியும். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மூன்றையும் குசினிக் கதவில் எழுதித் தொங்க விடுங்கள்.

காசு பேசுவது

முற்பணம் நாலில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். முழுக்காசை முன்கூட்டியே கேட்டால், ஆயத்தமாக வீடு இருப்பதை நேரில் யாராவது பார்த்த பிறகே கொடுங்கள். வங்கி மூலம், உரிமையாளரின் பெயரில் உள்ள கணக்குக்குப் போடுங்கள். உடைவுக்கென்று வாங்கும் வைப்புக் காசு தனி; அது எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வேண்டும். ஒரு பக்கத்தில் எழுதக்கூடிய விடயம்தான் எல்லாம்: நாட்கள், வருகிற நேரம், போகிற நேரம், ஆட்களின் எண்ணிக்கை, வாடகை, கரண்ட் விலை, எந்த அறைகள், மழை வெள்ளத்தால் வர முடியாவிட்டால் முற்பணம் என்ன ஆகும். வட்ஸ்அப்பில் அனுப்பி “சரி” என்று பதில் வாங்கினாலே பிற்பாடு பேச்சு மாறாது.

வீட்டின் வழக்கங்களையும் அப்போதே கேளுங்கள். முஸ்லிம் குடும்பத்து வீட்டில் மதுவும் பன்றியிறைச்சியும் கூடாது. சைவக் குடும்பத்து வீடுகள் பலவற்றில் மாட்டிறைச்சி கூடாது. சிலவற்றில் வெள்ளிக்கிழமை மச்சமே கூடாது. வெளியில் வேறு அடுப்பு இருந்தால் அதில் சமைக்க விடுவார்கள். பழைய வீடுகளில் குசினி வளவுக்குள் தனியே நிற்பது விறகடுப்புப் புகைக்காகவும் தீப்பயத்துக்காகவும். அங்கே காஸ் அடுப்பு வைத்திருந்தால் 12.5 கிலோச் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்: வெறுஞ்சிலிண்டரின் நிறை அதன் கழுத்தில் பொறித்திருக்கும், குளியலறைத் தராசில் நிறுத்துக் கழித்தால் விளங்கும்.

தங்கும் நாட்களில்

கச்சான் காலத்தில் யன்னலைத் திறந்தால் குளிரும் என்று நினைத்து நாள் முழுவதும் திறந்து வைப்பவர்கள்தான் வெக்கையில் அவிகிறார்கள். இந்த வீடுகளின் தடித்த சுவர் இரவுக் குளிரைப் பகலுக்குச் சேமிக்கும். காலை ஒன்பது மணி வரை எல்லாம் திறந்து விடுங்கள். பத்து மணிக்கு மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்தி, கதவுக்கு மேலுள்ள காற்றுக் கண்களை மட்டும் விடுங்கள். நாலரைக்குக் கடற்காற்று வந்ததும் கிழக்குப் பக்கம் திறவுங்கள், இருட்டியதும் எல்லாவற்றையும். ஆனால் நுளம்பு அந்த நேரம்தான் வரும். யன்னலுக்கு வலை அடிக்காத வீடென்றால் ஆறு மணி தொடக்கம் ஏழரை வரை சாத்தி வைத்துவிட்டு, படுக்கைக்கு வலை கட்டிப் பிறகு திறக்க வேண்டும். வலையைத் தொங்கவிட ஆணி அடிக்க முடியாது ஆகையால் தானே நிற்கும் கூடார வலை வாங்கி வருவது நல்லது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. வந்த அன்றே பீலி, பூச்சட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, வளவில் கிடக்கும் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து ஊற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஊர் அக்கா ஒருவரைக் காலையும் பகலும் சமைக்கக் கேட்டால், உணவும் நன்றாக இருக்கும், நீங்களும் குசினியில் விடுமுறையைக் கழிக்க வேண்டியதில்லை. சாமான் உங்கள் செலவு, கூலி அவர் சொல்வது. எத்தனை பேர், எத்தனை பேருக்கு உறைப்புக் குறைக்க வேண்டும் என்று முதல்நாள் பின்னேரமே சொல்ல வேண்டும். வாவி இறால், நண்டு, கொடுவா, திரளி எல்லாம் காலை ஏழுக்குள் வாங்கினால்தான் புதிது. எருமைத் தயிர்ச் சட்டியை வாங்கினால் வெயிலில் வானுக்குள் வைத்துச் சுற்றாதீர்கள், இரண்டு மணித்தியாலத்தில் புளித்துவிடும்.

போகிற நாள்

முதல்நாள் இரவே குப்பையை உக்குவது, உக்காதது என்று பிரித்து வையுங்கள். மாநகர சபை வண்டி எந்த நாள் வரும் என்று ஐயாவிடம் கேட்டு, வராத நாள் என்றால் பிளாஸ்ரிக்கை உங்களோடு கொண்டு போங்கள். வாவிக்கரையில் விட்டால் காகமும் நாயும் இழுத்துத் தண்ணீரில் சேர்க்கும். காலையில் தாங்கியை நிரப்பி, மோட்டரையும் காஸையும் நிறுத்தி, மீற்றரைப் படம் எடுங்கள். வந்த அன்று எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஐயாவோடு சேர்ந்து அறை அறையாக நடவுங்கள். உடைந்தது எது என்றாலும், ஒரு கோப்பையானாலும், நீங்களே முதலில் சொல்லுங்கள். விலகிய ஓடு, வழுக்கும் படி, சூடான பிளக் எது கண்ணில் பட்டதோ அதையும் உரிமையாளருக்கு எழுதி அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கிறவருக்குத் தன் வீட்டில் ஓடு விலகியது வேறு வழியில் தெரிய வராது. மாரிக்கு முன் ஒரு ஓடு மாற்றினால் ஒரு கைமரம் தப்பும்.